கருணையும் கணக்கும்

அறம் செய்வோர் கணக்குப் பார்த்தல் ஆகாது என்பது நம் நாட்டில் நெடுநாளாக நிலவிவரும் எண்ணம். இலையிட்டு உணவு படைப்பவன் பருக்கையை எண்ணுவானாயின் அவனை உலோபி என்கிறோம். நோயாளியின் படுக்கையருகில் நின்று ஒருவன் மருந்தின் விலையைப் பேசுவானாயின் அவனை ஈரமற்றவன் என்கிறோம். கருணை உள்ளத்தின்பாற்பட்டது, கணக்கு கடைத்தெருவின்பாற்பட்டது, இவ்விரண்டும் ஓரிடத்தில் வாழமாட்டா என்பது பலருடைய கருத்து. இக்கருத்து எவ்வளவு தூரம் உண்மை என்பதை இங்கே ஆராய விரும்புகிறோம். வெறுஞ்சொற்களால் ஆராயாமல், மைசூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்வோர்க்குச் சிகிச்சையளிக்கும் நிலையங்களின் பணியைக் கண்முன் நிறுத்திக்கொண்டு ஆராய்வோமாக.

மணிமேகலைக் காப்பியத்தைக் கற்றவர் அமுதசுரபியை மறவார். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது. அத்தகைய பாத்திரம் கையிலிருப்பவர்க்குக் கணக்கு வேண்டுவதில்லை. முதலில் யாருக்கு, எவ்வளவு, நாளைக்கு என் செய்வது என்னும் வினாக்கள் அவர்க்கு எழுவதே இல்லை. ஆயின் அதே காப்பியம் ஆபுத்திரன் வரலாற்றையும் சொல்லுகிறது. மழைவளம் பெருகி நாட்டில் உண்பாரற்றுப் போகவே, ஈவதற்கு ஆள் தேடிக் கப்பலேறிய அவன், ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டான். நிறைந்த பாத்திரம் கையிலிருந்தும் ஏற்பார் ஒருவருமில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுத் தானும் உண்ணாது உயிர் நீத்தான். பாத்திரம் நிறைந்திருப்பதனால் மட்டும் அறம் நிகழ்ந்துவிடாது. அது பசித்தவன் கையைச் சென்றடைதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம். அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டுக் காலங்கடந்து எறியப்படும் மருந்து, கோமுகியில் மூழ்கிய பாத்திரத்தை ஒக்கும்.

நம் மருத்துவ நிலையங்களின் கையிலுள்ளது அமுதசுரபி அன்று. அதற்கு அடியுண்டு. ஒரு மருத்துவர் ஒரு நாளில் இத்தனை பேரைத்தான் பார்க்க இயலும். ஓர் ஆய்வுக்கருவி ஒரு நாளில் இத்தனை இரத்த மாதிரிகளைத்தான் சோதிக்க இயலும். அடியுள்ள பாத்திரத்தை ஏந்தியவன் கணக்குப் பார்க்க மறுப்பானாயின், முன்வரிசையில் நிற்பவனுக்கு வாரி வழங்கிவிட்டுப் பின்வரிசையில் நிற்பவனை வெறுங்கையுடன் அனுப்பவேண்டி வரும். அவன் கணக்கு எழுதவில்லை என்பதனால் பற்றாக்குறை மறைந்துவிடுவதில்லை. அது பின்வரிசைக்காரன் தலையில் விழுகிறது, அவ்வளவே. ஆகையால் அடியுள்ள பாத்திரத்தைப் பொறுத்தவரை, கணக்குப் பாராத கருணை முன்னிற்பவனுக்கு மட்டும் உரிய கருணையாகக் குறுகிவிடுகிறது.

பௌத்த நூல்களில் இதற்குப் பொருத்தமான நிகழ்ச்சியொன்று உண்டு. தமிழ்ப் பெருங்கதையால் நாம் அறிந்த உதயண மன்னனுடைய அரண்மனை மகளிர், கோசம்பி நகரில் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கினர். மன்னன் இதைக் கேட்டு முகஞ்சுளித்தான். துறவியொருவர்க்கு இத்தனை ஆடை எதற்கு, கடை வைக்கப்போகிறாரா என்று ஐயுற்று, நேரிற் சென்று வினவினான். ஆனந்தர் சினங்கொள்ளவில்லை. கந்தலாடை உடுத்திய துறவியர்க்குப் பகிர்ந்தளிப்போம் என்றார். பழைய ஆடைகளை என் செய்வீர் என்றான் மன்னன். அவை படுக்கை விரிப்பாகும் என்றார். பழைய விரிப்பு மெத்தையுறையாகும், பழைய உறை தரைவிரிப்பாகும், பழைய தரைவிரிப்பு கால்துடைக்கும் துணியாகும், பின்னர்த் தூசி தட்டும் துணியாகும், அதுவும் நைந்தபின் கிழித்துச் சேற்றுடன் பிசைந்து தரைக்குப் பூசுவோம் என்று ஒவ்வொன்றாக விடையிறுத்தார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை அளித்தானாம்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. ஆனந்தர் ஆடைகளைக் குறைத்துக் கொடுத்ததாகச் சொல்லவில்லை. சேமித்துப் பூட்டி வைத்ததாகவும் சொல்லவில்லை. ஒவ்வொரு நூலும் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் சொன்னார். சிக்கனம் என்பதும் கஞ்சத்தனம் என்பதும் வெவ்வேறு பொருளின என்பது இதனால் விளங்கும். கொடுக்காமல் வைத்துக்கொள்வது கஞ்சத்தனம். கொடுத்தது வீணாகாமல் காப்பது சிக்கனம். பொதுப்பொருளைக் கையாள்பவனுக்கு இச்சிக்கனம் விருப்பத்திற்குரிய நற்குணமன்று. அவன் கட்டாயமாகச் செலுத்தவேண்டிய கடன். ஏனெனில் அப்பொருள் அவனுடையதன்று. கொடுத்தவர்க்கும் பெறவேண்டியவர்க்கும் இடையில் அவன் கை ஒரு பாலமாக நிற்கிறது.

இனி நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில், சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகிய மருத்துவர்களின் முயற்சியால். அதன்பின் பல்லாண்டுகள் இந்நோயை நன்கு அடக்கவல்ல மருந்தில்லை. மேலை நாடுகளில் 1996 அளவில் மூன்று மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் சிகிச்சை வந்தது. ஆயின் அதன் விலை ஆளொன்றுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேற்பட்டிருந்தது. மைசூரில் ஆஷா கிரணா என்னும் அறநிலைய மருத்துவமனை 1997இல் தொடங்கிய காலம் இத்தகையது. அப்பெயருக்கு நம்பிக்கைக் கதிர் என்பது பொருள். கிருமியை அடக்கும் மருந்து எளியோர்க்கு எட்டாதிருந்த நாளில், காசநோய் முதலிய துணைநோய்களுக்குச் சிகிச்சையும், படுக்கையும், அருவருப்பின்றித் தொடும் கையுமே மருத்துவமனை அளிக்கக்கூடிய செல்வமாயிருந்தன.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம் இம்மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தர முன்வந்தது. பத்தாயிரத்திற்கு மேல் விற்றது, நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாயிற்று. விலை என்பது மலைபோல் அசையாதது என்று எண்ணியிருந்தோர்க்கு இஃதொரு பாடம். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு, நோய் மிகுந்த மாநிலங்களில் எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. பின்னர் இது நாடெங்கும் விரிந்தது. 1924இல் பெங்களூரில் தோன்றி 1930இல் மைசூருக்கு மாற்றப்பெற்ற மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையிலும் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது.

தொடக்கத்தில் மருந்து எல்லோர்க்கும் கிடைக்கவில்லை. இரத்தத்தில் நோய் எதிர்ப்புக்குரிய சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே இறங்கியவர்க்கே முதலில் அளிக்கப்பட்டது. 250 இருந்தவரைக் காத்திருக்கச் சொன்னார்கள். இன்று இதைக் கேட்பவர் கொடுமை என்பர். ஆயின் அன்றைய பாத்திரத்தின் அடி எவ்வளவு ஆழமென்று எண்ணிப் பார்த்தால், சாவின் வாயிலில் நிற்பவனுக்கு முதலில் என்று வைத்த முறையை அநீதி என்று நாம் சொல்லத் துணியோம். தவறு எங்கே நேரக்கூடும் என்றால், பற்றாக்குறையால் போட்ட கோட்டை இயற்கையே போட்ட கோடாக மதித்து ஓய்ந்துவிடுவதில் நேரக்கூடும். நல்லவேளையாக ஆய்வாளர் ஓயவில்லை. சென்னையும் புனேயும் பங்குகொண்ட பன்னாட்டு ஆய்வொன்று 2011இல் தன் முடிவை வெளியிட்டது. காலந்தாழ்த்தாது மருந்து உண்டவரிடமிருந்து அவர்தம் வாழ்க்கைத் துணைவர்க்கு நோய் பரவுதல் 96 விழுக்காடு குறைந்தது. 200 என்றிருந்த கோடு, உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறிமுறையில் 2010இல் 350 ஆயிற்று; 2013இல் 500 ஆயிற்று; 2015இல் கோடே அழிக்கப்பட்டது. இந்தியாவில் 2017இல், நோய் உறுதியானவர் யாவர்க்கும் மருந்து என்னும் நிலை வந்தது.

இதனால் விளங்குவது யாது? காத்திருக்கச் சொன்னதால் மிச்சப்பட்டதாகத் தோன்றிய மருந்து, மெய்யில் முழுதும் மிச்சப்படவில்லை. காத்திருந்தவர் நோய் முற்றி வந்தார், படுக்கை கேட்டார், அவரிடமிருந்து இன்னொருவர் நோயேற்றார். ஓராண்டின் ஏட்டில் வரவாகக் காட்டியது பத்தாண்டின் ஏட்டில் செலவாக நின்றது. கணக்கின் குறை கணக்குப் பார்த்ததில் இல்லை. குறுகிய ஏட்டில் பார்த்ததில் இருந்தது.

இதற்கு நேர்மாறாக, குறைவாகச் செலவிட்டும் குறைவற்ற பயன் கண்ட நிகழ்ச்சியும் நம் நாட்டிலேயே உண்டு. காசநோயாளி நலம்பெற மருத்துவமனைப் படுக்கையும், ஓய்வும், ஊட்டமான உணவும், நல்ல காற்றும் இன்றியமையாதன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு நிலையம், நகரத்து எளிய மக்களில் ஏறத்தாழ 190 நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறுபகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வெளிவந்தது. நெருக்கமான குடிசையில், அரைகுறை உணவோடு, வேலைக்குச் சென்றுகொண்டே மருந்துண்டவரும் சானடோரியத்தில் இருந்தவரைப் போலவே நலமடைந்தனர். உடனிருந்த குடும்பத்தார்க்கும் அதனால் நோய் மிகவில்லை. படுக்கையை மிச்சப்படுத்தியதால் நோயாளி எதையும் இழக்கவில்லை. நலந்தந்தது மருந்தும் அதைத் தவறாமல் உண்டதுமே என்பது தெளிவாயிற்று. படுக்கைக்காகக் காத்திருந்து மாண்டிருக்கக்கூடிய எண்ணற்றவர் இதனால் பிழைத்தனர். சிக்கனம் கருணையின் பகையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆகவே நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, எவ்வளவு செலவிட்டோம் என்பதன்று. செலவிட்டவற்றுள் எது நோயாளிக்கு நலந்தந்தது என்பதே. அந்தக் கேள்வியை அச்சமின்றிக் கேட்டல் வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்ததெல்லாம் நற்பயன் தரும் என்று எண்ணிவிடலாகாது. தென்னிந்தியாவின் மூன்று சிகிச்சை நிலையங்களில் 631 நோயாளிகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. வாரந்தோறும் கைப்பேசியில் தானாக அழைத்துப் பேசும் குரலும் ஒரு படச்செய்தியும் மருந்தை நினைவூட்டினால், நோயாளிகள் தவறாமல் மருந்துண்பர், கிருமி அடங்கும் என்று எதிர்பார்த்தனர். 96 வாரங்கள் தொடர்ந்து பார்த்தபோது, நினைவூட்டல் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆய்வாளர் தம் எதிர்பார்ப்பு பொய்த்ததை மறைக்காது வெளியிட்டனர். இந்நேர்மையும் ஒரு சிக்கனமே. பயனற்றதைப் பயனற்றது என்று உரைப்பதால், அதற்குச் செல்லவிருந்த பொருளும் உழைப்பும் வேறு வழிக்கு மிச்சமாகின்றன.

இதுகாறும் நாம் கூறியவற்றால் கணக்கின் பக்கம் வெற்றி சாய்ந்துவிட்டதென வாசகர் எண்ணக்கூடும். அவ்வாறு முடித்துவிடுதல் பொருந்தாது. கணக்கெழுதுவோன் யாருடைய செலவை ஏட்டில் ஏற்றுகிறான், யாருடைய செலவை விட்டுவிடுகிறான் என்பது பெரிய வினா.

சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர் ஒருவருக்குத் துணையாகச் சென்று, மைசூர்ப் பக்கத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றின் தாழ்வாரத்தில் நாம் அரைநாள் அமர்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு மூதாட்டியும் பத்து வயதுப் பேரனும் இருந்தனர். தாய்தந்தையரை இழந்த பிள்ளை. கொள்ளேகால் பக்கத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்தவர்கள். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பகுதியாதலால் அம்மூதாட்டி நம்மோடு தமிழிலேயே பேசினார். பேருந்துக் கட்டணத்தைப் பற்றியோ, இழந்த கூலியைப் பற்றியோ அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை. “மாதம் தவறாமல் ஒரே நாளில் எப்படி வயிற்றுவலி வருகிறது என்று வாத்தியார் கேட்கிறார், ஐயா. பிள்ளை என்ன சொல்லுவான்? பொய் சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்த்தவளும் நான்தான், பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான்” என்றார்.

நிலையத்தார்மேல் குற்றஞ்சொல்ல நாம் இதை எழுதவில்லை. அவர்கள் மாதந்தோறும் வரச்சொன்னதற்குக் காரணமுண்டு. வளரும் பிள்ளைக்கு எடை மாறுந்தோறும் மருந்தின் அளவும் மாறவேண்டும். மருந்து மொத்தமாகக் கொடுத்தால் கிடங்கில் இருப்புக் குறைந்து மற்றவர்க்கு இல்லாமற் போகலாம் என்னும் அச்சமும் உண்டு. அவர்களுடைய ஏட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆயின் அந்த ஏட்டில் பேருந்துக் கட்டணம் இல்லை. ஒரு நாட்கூலி இல்லை. பிள்ளை இழந்த பாடம் இல்லை. அவன் கற்றுக்கொண்ட பொய்யும் இல்லை. நிலையம் மிச்சப்படுத்தியதை நோயாளி தன் மடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்கு மாற்றியதைச் சேமிப்பு என்று எவ்வாறு அழைப்பது?

இதை எண்களால் நோக்குவோம். உடல்நிலை சீரடைந்து, கிருமி அடங்கி, மருந்தைத் தவறாது உண்டுவரும் பெரியவர்கள் ஆயிரத்து இருநூறு பேர் ஒரு நிலையத்தில் இருப்பதாகக் கொள்வோம். மாதம் ஒருமுறை வரின் ஆண்டுக்கு 14,400 வருகைகள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை வரின் 4,800. எஞ்சுவன 9,600 வருகைகள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஆண்டில் எட்டு நாட்கள் மிச்சம். மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் 9,600 முறை ஓய்ந்த கை மிச்சம். அந்தக் கை புதிதாக நோய் கண்டறியப்பட்டு அஞ்சி நிற்பவனுக்கும், மருந்து கைவிட்டுப் போனவனுக்கும் உதவும். உண்ணும் மாத்திரைகளின் எண்ணிக்கையோ இரு முறையிலும் ஒன்றே. இருதரப்பும் ஈட்டும் இத்தகைய சேமிப்பே உண்மைச் சேமிப்பு. உலகச் சுகாதார நிறுவனம் நிலைபெற்ற நோயாளிகளை மூன்று முதல் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று 2016இல் அறிவுறுத்தியது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் பேருந்துகள் நின்றபோது, பல மாத மருந்தை ஒருசேரக் கொடுப்பதும் நோயாளியின் இருப்பிடத்திற்கு அருகில் சேர்ப்பிப்பதும் நடைமுறைக்கு வந்தன. இடுக்கண் வந்தபோதுதான், இயலாதென்று கருதியிருந்தது இயலுமென்று தெரிந்தது.

வளரும் பிள்ளைக்கு இம்முறை அப்படியே பொருந்தாது என்பது மெய்யே. அவனைப் பள்ளி விடுமுறை நாளில் பார்க்கலாம். இடைப்பட்ட மாதங்களில் பாட்டி மட்டும் வந்து மருந்து பெற்றுச் செல்லலாம். இதற்குப் பொன்னும் பொருளும் வேண்டுவதில்லை. அவன் பொய்யையும் ஒரு செலவாகக் கருதும் கண் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கெனத் தனிச்சன்னல், தனிவரிசை, தனிநிற அட்டை என்று வைத்தால் வேலை விரைவில் முடியும். நேரத்தைப் பொறுத்தவரை இது சிக்கனமே. ஆயின் அவ்வரிசையில் நிற்பவன் இன்ன நோயாளி என்பது ஊரறியும். வெட்கி நிற்பவன் மறுமுறை வாரான். வாராதவனுக்கு மருந்து இல்லை. மருந்து விட்டவனிடம் கிருமி மருந்தை எதிர்க்கும் வலிமை பெறும். ஒருவருடைய நோய்நிலையை அவர் இசைவின்றி வெளிப்படுத்தலாகாது என்று 2017இல் இயற்றப்பெற்று 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் கூறுகிறது. சட்டம் கூறாவிடினும் நல்ல கணக்கு அதையே கூறும். மானம் செலவாகும் இடத்தில் நேரம் மிச்சப்படுத்துவது நட்டமே.

மைசூரில் பாலியல் தொழிலில் உள்ளோர் தாமே அமைத்துக்கொண்ட அஷோதயா சமிதி என்னும் சங்கம் இதனை நன்குணர்ந்த ஒன்று. தம்மைப் போன்றவர்க்குத் தாமே துணையாகச் சென்று, மருத்துவமனை வாயிலில் தயங்கி நிற்பவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லும் பணியை அவர்கள் மேற்கொண்டனர். உலகம் இழிவாக நோக்கியவர்களே உலகத்திற்குப் பணிசெய்யும் செல்வமாயினர். ஒரு மருத்துவ நிலையத்தின் வளங்களை எண்ணுவோர் மருந்து, கட்டடம், கருவி, மருத்துவர் என்று எண்ணிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். நோயாளியையே ஒரு வளமாக எண்ணுவார் சிலரே.

இனி மிகக் கடினமான வினாவுக்கு வருகிறோம். முதல்நிலை மருந்துகளைக் கிருமி எதிர்த்து நிற்குமாயின் இரண்டாம் நிலை மருந்து தரவேண்டும். இந்திய அரசு அதனை 2008இல் மும்பையிலும் தாம்பரத்திலும் தொடங்கியபோது, அதன் விலை முதல்நிலை மருந்தைப் போலப் பன்மடங்காயிருந்தது. ஒருவர்க்கு அதைக் கொடுக்கும் பொருளால் பலர்க்கு முதல்நிலை மருந்து கொடுக்கலாமே, பலரை விட்டு ஒருவரைக் காப்பது முறையோ என்று வினவுவோர் உளர். அவ்வொருவர் மருந்தைச் சரிவர உண்ணாமையால்தானே இந்நிலை நேர்ந்தது என்று சேர்த்துச் சொல்வாரும் உளர்.

இவ்வினாவை எளிதென்று நாம் ஒதுக்கமாட்டோம். கண்முன் நிற்கும் ஒருவரின் துன்பம் நமக்குத் தெரிகிறது. எங்கோ ஒரு சிற்றூரில் மருந்து கிடைக்காத பலரின் துன்பம் தெரிவதில்லை. தெரியாத துன்பமும் துன்பமே. அதனை எண்ணால் மட்டுமே நாம் காணமுடியும். அவ்வகையில் எண் என்பது தூரத்திலுள்ளாரைக் காட்டும் கண்ணாடி போன்றது. கணக்கை வெறுப்பவன் அக்கண்ணாடியை உடைப்பவனாகிறான்.

ஆயினும் வேறொரு நிகழ்ச்சி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த துறவியொருவரைக் கண்ட புத்தர், ஆனந்தரோடு சேர்ந்து தம் கையால் அவரைக் கழுவிக் கிடத்தினார். பின்னர்ப் பிற துறவியரை அழைத்து, ஏன் அவரைக் கவனிக்கவில்லை என்று வினவினார். அவரால் எங்களுக்கு எவ்வுதவியும் இல்லை, ஆதலின் கவனிக்கவில்லை என்றனர் அவர்கள். இதுவும் ஒரு கணக்கே. இவனுக்குச் செய்வதால் என்ன வரும் என்னும் கணக்கு. அக்கணக்கைப் புத்தர் ஏற்கவில்லை. நோயுற்றவரைப் பேணுவது தம்மையே பேணுவதாகும் என்று உணர்த்தினார்.

இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது? பொருளை எப்படிச் செலவிடுவது என்று எண்ணுவது வேறு. இம்மனிதன் செலவிடத் தக்கவனா என்று எண்ணுவது வேறு. முன்னது ஆனந்தரின் கணக்கு, பின்னது அத்துறவியரின் கணக்கு. திட்டம் வகுக்கும் மேசையில் ஒவ்வொரு காசையும் எண்ணவேண்டும். நோயாளியின் முன்னிலையில் அவன் விலையை எண்ணலாகாது. திட்ட மேசையிலும் ஒருவனைக் கைவிட்டுப் பொருள் மிச்சப்படுத்த நினைக்குமுன், வீணாவது அனைத்தையும் நிறுத்தியாயிற்றா என்று கேட்டல் வேண்டும். காலாவதியாகும் மருந்து, தேவையற்ற வருகை, இருமுறை செய்யும் ஒரே சோதனை, எவரும் படியாத பதிவேடு ஆகிய இவையெல்லாம் இருக்கும்வரை, பொருளில்லை என்று ஒரு மனிதனிடம் சொல்லும் உரிமை நமக்கில்லை. அதன் பின்னும் பற்றாக்குறை நிற்குமாயின், 350 டாலரின் வரலாற்றை நினைத்து, விலையையும் பாத்திரத்தின் அளவையும் மாற்ற முயலுதல் வேண்டும். அம்முயற்சி பலிக்குமளவும் வரிசையொன்று வைத்தே தீரவேண்டுமாயின், நோயின் கடுமையைக் கொண்டு வைக்கலாம். ஆளின் தகுதியைக் கொண்டு வைக்கலாகாது. அவ்வரிசையைத் தற்காலிகமானதென்று அறிந்து ஆண்டுதோறும் அதனை அழிக்க முயலவும் வேண்டும்.

அவன் மருந்தைச் சரிவர உண்ணவில்லை என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு சொல். ஏன் உண்ணவில்லை என்று கேட்டோமா? பேருந்துக் கட்டணம் இல்லாமையாலோ, கூலிநாளை இழக்க அஞ்சியோ, தனிவரிசையில் நிற்க வெட்கியோ வாராதிருந்தவர்கள் இருப்பர். நாம் ஏட்டில் ஏற்ற மறுத்த அச்சிறு செலவுகளே, பல ஆண்டுகளுக்குப்பின் இரண்டாம் நிலை மருந்தின் பெருஞ்செலவாகத் திரும்பி வந்து நம் முன் நிற்கின்றன. நோயாளியின் ஏட்டில் எழுதி மறந்த கடனை நிலையத்தின் ஏடு வட்டியோடு கட்டவேண்டி வருகிறது.

ஆகவே கருணைக்குக் கணக்கு பகையென்னும் பழைய எண்ணத்தை நாம் கைவிடல் வேண்டும். வீணானதிலிருந்து மிச்சப்படுத்தவேண்டும், மனிதனிடமிருந்து மிச்சப்படுத்தலாகாது. நோயாளியின் செலவும் நம் ஏட்டில் இடம்பெற வேண்டும். மிச்சப்படுத்தியது இன்னும் வரிசைக்கே வாராதவனைச் சென்றடைய வேண்டும். இவை கைக்கூடுமாயின் கணக்கு கருணையின் கருவியாகும். கைக்கூடாவிடின் கல்நெஞ்சின் போர்வையாகும்.

அன்று அந்தத் தாழ்வாரத்தில் நண்பகலில் அப்பிள்ளையின் பெயர் அழைக்கப்பட்டது. எடை பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள், மருந்து கொடுத்த அம்மையார் அவன் தலையைத் தடவி அனுப்பினார். இலவசமாகக் கிடைத்த மருந்து அவன் உயிரைக் காத்துவருகிறது என்பதில் ஐயமில்லை. அதற்காக நாடு பெருமைகொள்ளலாம். ஆயினும் மறுநாள் பள்ளியில் அவன் வாத்தியாரிடம் என்ன சொல்லியிருப்பான் என்பதை நாம் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவன் உண்மையைச் சொல்லிவிட்டு அச்சமின்றி வகுப்பில் அமரும் நாள் வரவேண்டும். அந்நாள் வருமளவும், அவன் பொய் சொல்ல நேராத வகையிலேனும் நம் ஏடுகளைத் திருத்தி எழுதுவோமாக.